மௌனச் சுற்றில் பேசியவள்

அன்பு மகள் சோல்வைக்கு,

அம்மா எழுதுகிறேன். இன்று காலை உன் அப்பா, ஏழு மணிப் படகு போய்விட்டதா என்று ஒரே ஒரு முறைதான் கேட்டார். போய்விட்டது என்றேன், தலையாட்டினார், மதியச் சாப்பாடு வரும்வரை அந்தக் கேள்வி திரும்ப வரவேயில்லை. அது மட்டுமில்லை, நடுவில் அவராகவே, "படகப் பத்தி நேத்தும் கேட்டேன்ல?" என்றார். இதை நான் என் காதால் கேட்டேன், தலையணை மாற்றிக்கொண்டிருந்த செவிலி ரிக்கெயும் கேட்டு, உடனே போய் மருத்துவரைக் கூட்டிவந்தாள். இரண்டு சாட்சி இருப்பதால் இதை உறுதியான செய்தியாக உனக்கு எழுதலாம். நீ அங்கே ஹோபார்ட்டில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, உன் கடல்பாசிகளோடு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நாங்கள் நலம் என்று எழுத இத்தனை நாளாகக் கை வரவில்லை. இன்று வருகிறது.

போன வாரம் தொலைபேசியில் உனக்குச் சொன்னதெல்லாம் துண்டுச் செய்தி. நீ அழுதாய், நான் ஹெலிகாப்டர், மயக்கம், ஆஞ்சியோ என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன், லைன் வேறு விட்டுவிட்டு வந்தது. இத்தனை வருடம் தீவுப் பத்திரிகையில் அடுத்த வீட்டு விபத்தையெல்லாம் ஒழுங்காக எழுதியவள் சொந்த வீட்டுச் செய்தியை இப்படியா சொல்வது என்று இருந்தது. பூனைக்குச் சாப்பாடு வைக்கவும் மாற்றுத்துணி எடுக்கவும் இரண்டு நாள் தீவுக்குப் போனேன் அல்லவா, அப்போது அன்று அங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துப் பேசினேன், ஒருவர் சொன்னதை இன்னொருவர் காதில் போடாமல். இரண்டு விஷயத்தில் மட்டும் பேச்சு ஒத்துப்போகவில்லை, அந்தந்த இடத்தில் சொல்கிறேன். மற்றபடி நடந்தது இதுதான், நீ உட்கார்ந்து நிதானமாகப் படி, முடிவு உனக்குத் தெரியும், பயப்பட வேண்டாம்.

நம் குளிர்குளியல் சங்கத்தின் சனிக்கிழமைச் சவுனா உனக்குத் தெரியும், துறைமுகப் பலகைப் பாலத்தின் கோடியில் இருக்கும் அதே தார் பூசிய நீராவிக் குடில்தான். ஆனால் நீ போன பிறகு வந்த வழக்கம் ஒன்று உனக்குத் தெரியாது. விபெகெ, உன் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவள், ஓய்வுபெற்றதும் சவுனா நடத்தும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அவள் வந்ததிலிருந்து மூன்றாம் சுற்று மௌனச் சுற்று. முதல் சுற்றில் ஊர்வம்பு, இரண்டாவதில் நகராட்சியைத் திட்டுவது, மூன்றாவதில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவள் சூட்டுக்கல்லில் பிர்ச் இலை ஊறிய தண்ணீரை ஊற்றி, பெரிய லினன் துண்டைச் சுழற்றி ஒவ்வொருவர் மேலும் வெக்கையை வீசுவாள், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் இருமினாலே எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். உன் அப்பாவுக்கு இந்தச் சுற்றுதான் உயிர். வீட்டில் கிடைக்காதது அங்கே கிடைக்கிறது என்று வாரம் தவறாமல் என்னைக் குத்திக்காட்டுவார்.

அன்று ஈஸ்டர் நோன்பு தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை மதியம், நல்ல உறைபனி, வெயில் இருந்தும் சூடு இல்லை. உள்ளே ஒன்பது பேர். அப்பா மேல்பலகையில் மூலையில், அவர் பக்கத்தில் ஐனர், படகின் இயந்திர அறையில் அப்பாவோடு பாதி ஆயுளைக் கழித்த அதே ஐனர்தான், இன்னமும் அந்தச் சாம்பல்நிறக் கம்பளித் தொப்பியோடு. கீழ்ப்பலகையில் ஹலினா. இவளை உனக்குத் தெரியாது. போலந்துக்காரி, நாற்பதைத் தாண்டியிருக்கலாம், இலையுதிர்காலத்தில் மீன் புகைபோடும் கூடத்தில் வேலைக்கு வந்தவள். தீவுக்கு வந்து ஒரு குளிர்காலம் தனியாகவே கழிக்கிறாளே என்று விபெகெதான் அவளை அன்று முதல்முறையாகச் சவுனாவுக்கு அழைத்திருக்கிறாள். மூன்றாம் சுற்றில் பேச மாட்டோம் என்று முன்பே சொல்லியும் இருக்கிறாள். ஹலினா என்னிடம், "பேச மாட்டோம்னு சொன்னாங்க, பேசவே கூடாதுன்னு சொல்லல" என்றாள்.

மூன்றாம் சுற்று நடந்துகொண்டிருந்தபோது அப்பாவின் தலை மெல்லப் பின்னால் சுவரில் சாய்ந்தது. கொஞ்சத்தில் குறட்டைச் சத்தம். ஒரு குறட்டை, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு இன்னொன்று. ஐனர் எதையும் மறைக்காமல் சொன்னார், சிரிப்பு வந்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாராம். நான் பேசிய எல்லாரும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள், உன் அப்பா தோர்கில் தூங்கிவிட்டார், எழுப்பினால் சுற்று கெட்டுவிடும், முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் கச்சேரியை என்று. சோல்வை, இவர்கள் யாரும் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. வண்டி உரிமம் வாங்கும்போது முதலுதவி வகுப்பில் உட்காராதவர் நம் ஊரில் யார். ஐனர் படகில் வருடா வருடம் பயிற்சி எடுத்தவர். ஆனால் அவர்கள் எல்லாரும் கற்றுக்கொண்டது பொம்மையின் மேல், பொம்மை குறட்டை விடாது. அடுத்தவரை அவர் பாட்டுக்கு விடுவதுதான் மரியாதை என்று வளர்ந்த ஊர் நம்முடையது. அந்த மரியாதையைத்தான் எட்டுப் பேரும் உன் அப்பாவுக்குச் செய்துகொண்டிருந்தார்கள், அவர் செத்துக்கொண்டிருந்தபோது.

எட்டுப் பேர் என்றது தப்பு, ஏழு பேர். ஹலினா திரும்பிப் பார்த்து, நல்ல சத்தமாகவே, "இவரு ஏன் இப்படி மூச்சு விடுறாரு?" என்று கேட்டாள். ஐனர் "ஷ்ஷ்" என்றார். விபெகெ துண்டைச் சுழற்றுவதை நிறுத்தவில்லை. அவள் மறுபடியும், "இல்லீங்க, இது சரியில்ல, கொஞ்சம் பாருங்க" என்றாள். ஐனர் கண்ணைத் திறக்காமலே, "தூங்குறான்மா, விடு. சுத்து முடியட்டும்" என்று முணுமுணுத்தாராம். வேறு யாராக இருந்தாலும், புதிதாக வந்த இடத்தில், எல்லாரும் அடக்கிய பிறகு, உட்கார்ந்திருப்பார்கள். அவள் மேல்பலகையில் ஏறி அப்பாவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அவர் அசையவில்லை. அப்போது அவள் கத்தியதை எல்லாரும் வார்த்தை மாறாமல் சொல்கிறார்கள். "எங்கப்பா சமையக்கட்டு மேசையில இப்படித்தான் குறட்டை விட்டாரு! அசந்து தூங்குறாருன்னு நாங்க பூனை மாதிரி நடந்தோம்! எந்திரிங்க எல்லாரும், தூக்குங்க இவர!"

அந்த வெக்கைக்குள் எதுவும் செய்ய முடியாது என்று அவரைத் தூக்கி வெளியே பலகைப் பாலத்துக்குக் கொண்டுவந்தார்கள். கால்களைப் பிடித்தது யார் என்பதுதான் ஒத்துப்போகாத முதல் விஷயம், நான்கு பேர் அந்தப் பெருமையைக் கேட்கிறார்கள், இருந்ததோ இரண்டு கால். கைபேசியைச் சவுனாவுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது சங்கத்தின் இன்னொரு சட்டம், எல்லாருடையதும் உடைமாற்றும் அறைப் பெட்டிக்குள். ஹலினா பனிக்கட்டி மேல் வெறுங்காலோடு ஓடிப்போய்த் தன்னுடையதை எடுத்துவந்து அவசர எண்ணைக் கூப்பிட்டு, ஒலியைக் கூட்டி அப்பாவின் தலைமாட்டில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், மூச்சு இருக்கிறதா என்றது. ஐனர், "இருக்கு, குறட்டை விடுறான்" என்றார். எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை, அடுத்தது வரும்போது சொல்லுங்கள் என்றது குரல். எல்லாரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அந்தப் பெண் அதற்கு மேல் காக்கவில்லை. "அது மூச்சு இல்லீங்க. இதயம் நின்னுபோச்சு. நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு அழுத்துங்க, நல்லா ஆழமா, நான் கூடவே எண்ணுறேன்." அந்தக் குரலுக்குரியவர் யார் என்று கண்டுபிடிக்க நான் மூன்று இடத்துக்குப் பேசிப் பார்த்துவிட்டேன், பெயர் தர மாட்டார்களாம். சரி என்று அந்த அறையில் இருக்கும் எல்லாருக்கும் சேர்த்தே ஒரு நன்றிக் கடிதம் போட்டிருக்கிறேன்.

இனி வருவது எனக்கே தெரிந்தது, சாட்சி வேண்டாம். நான் வீட்டில் நோன்புக் கிரீம் பன் செய்துகொண்டிருந்தேன், முதல் தட்டு அடுப்புக்குள் போய்விட்டது. போன வருடம் இதய உதவிக்கு ஓடுபவர்கள் பட்டியலில் என் பெயரையும் கொடுத்தேன் என்று சொன்னேன் அல்லவா, பக்கத்தில் யாருக்காவது இதயம் நின்றுவிட்டால் அவசர நிலையத்திலிருந்து எங்கள் கைபேசிக்கு அழைப்பு வரும். அது வரைக்கும் ஒருமுறைகூட வந்ததில்லை. அன்று கைபேசி மேசைமேல் அலறியது. துறைமுகக் குளியல் குடில், கூட்டுறவுக் கடைச் சுவரில் இருக்கும் இதய ஷாக் பெட்டியை எடுத்துக்கொண்டு போகவும் என்று இருந்தது. யாருக்கு என்று அதில் இருக்காது. அப்படியே சைக்கிளை எடுத்தேன். கடைச் சுவரில் அந்தப் பச்சைப் பெட்டியின் கதவைத் திறந்ததும் அது ஊரைக் கூட்டும்படி கத்தத் தொடங்கியது, கத்தட்டும் என்று விட்டுவிட்டு, கருவியைக் கூடையில் போட்டுக்கொண்டு துறைமுகச் சரிவில் இறங்கினேன். உன் அப்பா அங்கேதான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவரோடு இன்னும் பலர் இருக்கிறார்கள் என்றும் தெரியும். செய்தி உறுதியாகும் வரை பெயரைப் போடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம், அதைப் பிடித்துக்கொண்டேதான் அந்தச் சரிவு முழுவதும் இறங்கினேன். மனதில் எந்தப் பெயரையும் எழுதவில்லை.

பாலத்தின் கோடியில் ஊர்க்காரர்கள் அம்மணமாக வட்டம் கட்டி நின்றார்கள். கடல்காற்று உள்ளே இருப்பவர்மேல் படாமல் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு, நீலம் பாரித்துப்போய். ஒருவர்கூட உடைமாற்றப் போகவில்லை. அந்த வட்டத்தின் கால்களுக்கு நடுவே படுத்திருந்தவருடைய கால் தெரிந்தது, முழங்காலுக்குக் கீழே இயந்திர அறையில் சுட்டுக்கொண்ட தழும்பு. அங்கேதான் செய்தி உறுதியானது. வட்டம் எனக்கு வழிவிட்டது. ஐனர் மண்டியிட்டு அழுத்திக்கொண்டிருந்தார், உடம்பில் துணி இல்லை, தலையில் தொப்பி மட்டும் இருந்தது. இது ஒத்துப்போகாத இரண்டாவது விஷயம், தொப்பி எப்போதோ விழுந்துவிட்டது என்று ஐனர் சாதிக்கிறார். இருந்தது, நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்ததும், "மெரெடெ, நீ வராத, நீ அந்தப் பக்கம் போ" என்றார். கை மட்டும் நிற்கவில்லை. நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கருவியின் மூடியைத் திறந்தேன்.

கருவி நம் மொழியில் நிதானமாகப் பேசும், நெஞ்சைத் துடையுங்கள், ஒட்டுப்பட்டைகளை ஒட்டுங்கள் என்று. அப்பாவின் நெஞ்சு வியர்வையில் தண்ணீராக ஓடியது, ஈரத்தில் பட்டை ஒட்டாது. விபெகெ வெக்கை வீசும் அந்தத் துண்டை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள், பளபளவென்று துடைத்துவிட்டாள். பட்டை அப்போதும் ஒட்டவில்லை, அவருடைய கரடி ரோமம் உனக்குத்தான் தெரியுமே. பெட்டிக்குள் ஒரு சவரக்கத்தி வைத்திருக்கிறார்கள், இந்த மாதிரி ஆட்களுக்காகவே. வலதுபக்கக் கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு இழுப்பு, இடது விலாவில் ஒரு இழுப்பு, சரக் சரக்கென்று நானே மழித்தேன், ஐனர் அழுத்துவதை நிறுத்தாமலே. பட்டைகளை ஒட்டினோம். கருவி இதயத்தைப் பார்த்துவிட்டு, ஷாக் தேவை, யாரும் தொடாதீர்கள் என்றது. "எல்லாரும் விலகுங்க, ஐனர், கைய எடு" என்று கத்தினேன், சுற்றிப் பார்த்தேன், பொத்தானை அழுத்தினேன். பொத்தானை அழுத்தியது நான்தான், நீ இன்னொருவர் மூலம் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று எழுதுகிறேன். அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. உடனே அழுத்தச் சொன்னது கருவி, ஐனர் கை ஓய்ந்துபோய் விபெகெ மாறிக்கொண்டாள், ஹலினாவின் கைபேசியில் அந்தக் குரல் எண்ணிக்கொண்டே இருந்தது. அடுத்த முறை கருவி பார்த்தபோது ஷாக் தேவையில்லை என்றது. விபெகெ மறுபடி கை வைத்தபோது அப்பாவின் கை எழுந்து அவள் மணிக்கட்டைத் தள்ளியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்துக்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை, உன் அப்பா எரிச்சலாக இருந்தார், அவ்வளவுதான், அதைவிட நல்ல செய்தியை நான் என் வாழ்நாளில் சேகரித்ததில்லை.

தீவு ஆம்புலன்ஸ் வந்தது, பிறகு பந்தாட்டத் திடலில் ஹெலிகாப்டர் இறங்கியது, இங்கே ஓடென்ஸ மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள், ஒன்றரை நாள் தூக்க மருந்திலேயே வைத்திருந்தார்கள். அதெல்லாம் உனக்குச் சொன்னதுதான். கிரீம் பன் கரியாகிப் போனது, பக்கத்து வீட்டார் புகையைப் பார்த்து உள்ளே போய் அடுப்பை அணைத்திருக்கிறார்கள், பூனை ஸ்கிப்பர் நலம், அந்தக் கரியையும் முகர்ந்து பார்த்ததாம்.

உனக்கு நான் சொல்லாதது விழித்த பிறகு நடந்தது. கண் திறந்ததும் என்னைத் தெரிந்தது, உன் பெயரைச் சொன்னார், நான் சந்தோஷப்பட்டேன். பிறகு, "ஏழு மணிப் படகு போயிடுச்சா?" என்றார். போயிடுச்சு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே கேட்டார், அதே குரலில், முதல்முறை கேட்பதுபோல. பிறகு மறுபடி. பகல் முழுவதும். இதயம் நின்றிருந்தபோது மூளைக்கு ரத்தம் போகவில்லை, புதிதாக எதுவும் தங்கவில்லை, பலருக்குச் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது, காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். உன்னிடம் தொலைபேசியில், அப்பா தூங்குகிறார் என்று நான் சொன்ன மூன்று தடவையும் அவர் தூங்கவில்லை. நீ விமானம் ஏறிவிடுவாய் என்று பயந்தேன். அவர் பிழைத்தார் என்பது மட்டும்தான் அப்போது உறுதி, யார் பிழைத்தது என்பது உறுதியாகவில்லை.

அந்த நாட்களில் நடந்ததை அவருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஹலினா அறைந்ததையும் கத்தியதையும் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கண் கலங்கி, "அந்தப் பொம்பளைக்கு நாம நன்றி சொல்லணுமே மெரெடெ" என்பார், சொல்லலாம் என்பேன், சற்று நேரத்தில், எனக்கு என்ன ஆச்சு என்று முதலிலிருந்து கேட்பார். ஒரே நாளில் அத்தனை முறை ஒருவருக்கு நன்றி பாராட்டிய மனிதரை நான் பார்த்ததில்லை. நெஞ்சில் மழித்த இடத்தைத் தடவி, "இது எவன் பண்ண வேலை, புல்லு வெட்டுன மாதிரி" என்று தினமும் புதிதாகக் கோபப்படுவார். மூன்று விலா எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, அழுத்தினால் அப்படித்தான் ஆகும் என்கிறார்கள், இருமும்போது தலையணையைக் கட்டிக்கொள்கிறார். ஷாக் கொடுத்தது நான்தான் என்று சொன்னபோது மட்டும், "நாப்பது வருஷமா வாயால குடுத்தது போதலயா உனக்கு?" என்றார். ரிக்கெ சிரித்துவிட்டு, ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் இரண்டு நாள் ஓட்டினேன்.

சனிக்கிழமை ஐனர் வந்தார், கோட்டும் டையும் போட்டுக்கொண்டு. வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நான்தான் அவளை அடக்கினேன், இரண்டு தடவை அடக்கினேன், அவள் கேட்காமல் இருந்திருந்தால் என்று சொல்லி அழுதுவிட்டார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்து, "நீ என்னைக்குடா ஒழுங்கா கேட்டிருக்க? மோட்டார் சத்தத்துலயே காது போனவன்டா நீ. ஒக்காரு. என் எலும்பெல்லாம் ஒடச்சதுக்கு முதல்ல பதில் சொல்லு" என்றார். ஐனர் மூக்கைச் சிந்திக்கொண்டே, "ஒடைக்காம விட்டிருந்தா நீ பேச மாட்டடா" என்றார். அன்று முழுவதும் இரண்டு பேரும் மருத்துவமனைக் காப்பியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் போன பிறகு அப்பா, ஐனர் எப்போது வருவான் என்று கேட்டார். நான் வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன். அது சனிக்கிழமை. இன்று திங்கள், இன்று காலைச் செய்தியை நான் ஏன் முதலில் எழுதினேன் என்று உனக்குப் புரிந்திருக்கும்.

இனி உன் விஷயம், இதைக் கவனமாகப் படி. ஆஞ்சியோவில் ரத்தக்குழாயில் அடைப்பு எதுவும் இல்லை. அப்படியானால் கோளாறு இதயத் தசையிலோ அதன் மின்னோட்டத்திலோ இருக்கலாம், குடும்பத்தில் வருவதாகவும் இருக்கலாம் என்கிறார்கள். அப்பாவின் தாய்மாமன் ஒருவர் நாற்பது வயதில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தபோதே சரிந்துபோனார் அல்லவா, மூழ்கிப்போனார் என்றே நாம் சொல்லிவந்தோம், மருத்துவர் அதைக் கேட்டுவிட்டு இரண்டு முறை திருப்பிக் கேட்டார். ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரும்வரை நீ பயப்பட வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் அதுவரை சும்மாவும் இருக்க வேண்டாம், அங்கே ஒரு இதய மருத்துவரைப் பார்த்து இ.சி.ஜி.யும் ஸ்கேனும் எடுத்துக்கொள், மருத்துவர் தந்த குறிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். அதுவரை அந்தக் குளிர்ந்த தண்ணீரில் தனியாக முக்குளிக்கப் போகாதே. பாறைக்கும் பாசிக்கும் உன்னை விட்டால் ஆளில்லையா என்ன. இப்போது விமானச் செலவு செய்து ஓடிவராதே, நடுக்கோடைத் தீ மூட்டும்போது வருவதாகச் சொன்னாயே, அதுவே சரி, அப்போது நீ வந்தால் அப்பாவும் பாலத்தில் நடந்துகொண்டிருப்பார்.

ஊர்ச் செய்தி ஒன்று உண்டு. சங்கத்தின் வருடாந்தரப் பொதுக்குழு மார்ச் கடைசி ஞாயிறு. குடிலுக்கென்று ஒரு ஷாக் பெட்டி வாங்குவது என்ற தீர்மானம் மூன்று வருடமாகத் தள்ளிப்போனது, சுவர் யாருடையது, மின்சாரம் யார் கணக்கு என்று, இந்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று விபெகெ சொல்கிறாள். ஐனர் தனியாக இன்னொரு தீர்மானம் கொடுத்திருக்கிறார், மௌனச் சுற்றையே எடுத்துவிட வேண்டும் என்று. இதை ஹலினாவிடம் சொன்னபோது அவள், "ஐயோ, அத எதுக்கு எடுக்கணும்? எனக்கு அது பிடிச்சிருந்தது. நடுவுல யாராச்சும் கேட்டா 'ஷ்'னு சொல்லாம இருந்தா போதும்" என்றாள். அவளை உறுப்பினராகச் சேர்த்துவிட்டார்கள், ஆகவே அவளுக்கும் ஓட்டு உண்டு. நம் வீட்டுக் காப்பி மேசையில் என்னோடு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தாள். தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அவர் குறட்டை விடுகிறார் என்று வீட்டார் வானொலியின் ஒலியைக்கூடக் குறைத்து வைத்தார்களாம். அவர் போய்ப் பத்து வருடம் ஆகியும் யாராவது குறட்டை விட்டால் தூக்கம் வராது என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ அவளுக்கு இரண்டு வரி எழுது, முகவரி மேலுறையின் பின்பக்கம் இருக்கிறது, பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம், நீ யார் மகள் என்று எழுதினால் போதும்.

நிலுவையில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை காலை அப்பாவின் நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சிறு கருவி வைக்கிறார்கள், இனி இதயம் தாளம் தப்பினால் அதுவே உள்ளிருந்து ஷாக் கொடுத்துவிடும், நான் சைக்கிளில் ஓட வேண்டாம். மரபணு முடிவு ஈஸ்டருக்கு அடுத்த வாரம் வரும், வந்த அன்றே கூப்பிடுகிறேன். நினைவு எவ்வளவு திரும்பும் என்பதை யாரும் தேதி போட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஹலினாவுக்குப் புதன்கிழமை விடுமுறை, அன்று படகேறி அப்பாவைப் பார்க்க வருகிறாள். இது தெரிந்ததிலிருந்து அவர் அவளுடைய மொழியில் ஒரு வார்த்தை படித்துக்கொண்டிருக்கிறார், கீழ்த்தளத்தில் ஒரு போலந்துக்காரர் இருக்கிறார், அவரிடம் ரிக்கெ கேட்டுவந்து சொன்னது. ஜென்குயெ. நன்றி என்று அர்த்தம். சனிக்கிழமை நான்கு முறை சொல்லிக்கொடுத்தேன், நான்கும் போய்விட்டது. நேற்று மாலை சொன்னது இரவுச் சாப்பாடு வரை இருந்தது. இன்று காலை கண் விழித்ததும் நான் கேட்காமலே சொன்னார், பாதி தப்பாக. திருத்தினேன். மதியம் சரியாகச் சொன்னார். அவள் வரும் படகு புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கரை சேரும். அவள் அந்த அறைக்குள் வரும்போது அந்த வார்த்தை அவர் வாயில் இருக்குமா என்பது அப்போதுதான் தெரியும்.

நீ நல்லபடியாக இரு, மகளே. உன் மூச்சும் உன் வேலையும் சீராக இருக்கட்டும், உன்னைச் சுற்றி எப்போதும், தயங்காமல் கேட்கிற ஒருத்தியாவது இருக்கட்டும். இ.சி.ஜி. எடுத்த அன்றே எனக்குச் சொல், மறக்காதே. உன் ஆய்வுக்கூடத்தில் ஷாக் பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது என்று நாளைக்கே போய்ப் பார்.

அப்பாவின் முத்தங்களோடும் என் ஆசியோடும்,
உன் அம்மா
மெரெடெ
ஓடென்ஸ, திங்கள் மாலை